பெறுபவர் பற்று, தருபவர் வரவு

2023 ஜூலை 20, வியாழக்கிழமை. இரவு ஏழே கால் மணி. திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஆடிட்டர் அலுவலகம். கடைசி பார்ட்டியின், அதாவது வாடிக்கையாளரின், த்ரீபி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டுப் பையோடு படியிறங்கிய 43 வயதுப் பெண், முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று சொல்ல முடியாது, நினைவு இருந்தது. கால்தான் வரவில்லை. கீழே துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். பத்து நிமிடம் கழித்து அந்த 43 வயதுக்காரர் எழுந்து, சத்திரம் பேருந்து நிலையம்வரை நடந்து, ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, வீட்டுக்குப் போய் ஐந்து பேருக்குச் சப்பாத்தி சுட்டார். மறுநாள் ஆடி முதல் வெள்ளி என்பதால் இரவே பூஜைச் சாமான்களையும் தேய்த்து வைத்தார்.

அந்தப் பெண் நான்தான். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். தெரிந்தேதான் மீறுகிறேன். இந்தக் கணக்கை வேறு யாரும் எழுதப் போவதில்லை.

இதில் நான் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்று. "உன் உடம்பைப் பாத்துக்கோ" என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாமியார் சொல்கிறார், கணவர் சொல்கிறார், ஆடிட்டர் சார்கூடச் சொல்கிறார். அதற்கான நேரம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

மருத்துவரின் அறையில்

மாதம் முடிந்துதான் டாக்டரிடம் போக முடிந்தது. ஜூலை 31 வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அதற்கு முன்னால் விடுப்பு கேட்பது, கல்யாணத்தன்று சமையல்காரர் லீவு கேட்பது மாதிரி.

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"போன வெள்ளிக்கிழமை" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதில்லம்மா. பீரியட்ஸ்."

எனக்குத் தேதி தெரியவில்லை. சுமார் நாற்பது பார்ட்டிகளின் தேதிகள் என் தலையில் இருக்கின்றன. முன்கூட்டிப் பிடித்த வரியான டிடிஎஸ் 7ஆம் தேதி, விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர் ஒன் 11ஆம் தேதி, ஊழியர்களின் பிஎஃப்பும் இஎஸ்ஐயும் 15ஆம் தேதி, த்ரீபி 20ஆம் தேதி, அதைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர்களுக்கு 22ஆம் தேதி. ஒரு நாள் பிந்தினாலும் வட்டி, அபராதம். என் உடம்புக்கு மட்டும் அபராதம் போடுகிற இலாகா இல்லை என்று நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது, நோட்டீஸ் அனுப்பாமலே வசூலித்துக்கொண்டு.

ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபெரிட்டின் 6, அதாவது உடம்பின் இரும்புக் கிடங்கில் துடைப்பம் போட்டுப் பெருக்கினாலும் ஒன்றும் தேறாது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. இது நீரிழிவு இல்லை, அதன் வாசற்படி. ரத்த அழுத்தம் 146க்கு 94. ஸ்கேனில் கருப்பையில் சின்னதாக ஒரு நார்க்கட்டி. இரண்டு வருடமாக மாதம் எட்டு நாள் படுகிற பாட்டை "இந்த வயசுக்கு எல்லாருக்கும் இப்படித்தான்" என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

எல்லாருக்கும் இப்படித்தான் என்பதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, அதுதான் வயிற்றெரிச்சல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டவுன் பஸ்ஸில் பெண்கள் பக்கத்து இருக்கைகளை எண்ணிப் பாருங்கள். இருவர் இருக்கையில் ஒருவர் கணக்கு.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. நானாகவே மருந்துக் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி நான்கு மாதம் விழுங்கியிருந்தேன், காலை டிபன் முடிந்து காபியோடு. காபியும் டீயும் இரும்பு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்றார் டாக்டர். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும், எலுமிச்சம்பழச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும், கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது. நான்கு மாத மாத்திரையும் காவிரியில் கரைத்த பெருங்காயம். நேரமில்லை என்பதால் இரண்டு வேலையையும் ஒரே மடக்கில் முடித்ததன் பலன்.

முதலில் செய்த முட்டாள்தனங்கள்

டாக்டர் சொன்னவை நான்கு: மாத்திரை, தூக்கம், நடை, தண்ணீர். சரி என்று வந்தேன். ஆகஸ்ட் மாதம் முழுவதும் நான் செய்தவற்றை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

யூட்யூபில் ஓர் அம்மா காலை நான்கரை மணிக்கு யோகா சொல்லித் தருகிறார். நானும் நாலே காலுக்கு அலாரம் வைத்தேன். நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் அலுவலகத்தில் ஒரு பார்ட்டியின் விற்பனையை இன்னொரு பார்ட்டியின் டேலிக் கணக்கில் ஏற்றிவிட்டேன். ஐந்தேகால் மணி நேரம் தூங்குகிறவளை நாலரை மணி நேரம் தூங்கச் சொல்வதை உடம்பைப் பார்த்துக்கொள்வது என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

தியான ஆப் ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு "இன்று உங்களுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்கினீர்களா?" என்று கேட்கும். அப்போது நான் தோசைக்கல்லின் முன்னால் நிற்பேன். கேள்வி நியாயமானதுதான், கேட்ட ஆள்தான் தப்பு.

பிறந்தநாளுக்குக் கணவர் அடி எண்ணும் கடிகாரம் வாங்கித் தந்தார். பத்தாயிரம் அடி என்கிற இலக்கு ஆராய்ச்சியில் பிறந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவிக் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்பதுதானாம். பெயர் பிரபலமாகி இலக்காகிவிட்டது. அது போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் தாண்டாமலே என் கடிகாரம் 9,300 காட்டியது. "பாத்தியா, நல்லா நடக்கிறியே" என்றார் அவர். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்ததெல்லாம் நடைப்பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அன்று மாலையே அதைக் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

கடைசியாக வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். இதைச் சொன்னது அத்தை, என் மாமியார். அந்தக் காலத்தில் பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி என்று நாள் குறித்து வைத்திருந்தார்கள், யாரும் நேரம் தேட வேண்டியதில்லை என்றார். உண்மைதான். என் பாட்டி வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காய் போட்டுக் குளித்து, சாம்பிராணிப் புகையில் முடி உலர்த்தி, மிளகு ரசம் சாப்பிட்டு மத்தியானம் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தச் சித்திரத்தில் ஓர் ஆள் குறைந்தது. ரசம் வைத்தது யார்? யோசித்தால், என் அம்மா. பாட்டி, வீட்டுக்கு விலக்கான காலத்தில், மூன்று நாள் பின்கட்டில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை முழுக்கப் படித்துவிடுவாராம். அந்த மூன்று நாளை ஒதுக்கித் தந்தது அக்கறை இல்லை, தீட்டு. அந்த வழக்கம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அந்த மூன்று நாளும் அடுப்பு அணையவில்லை. அத்தை முறையோ ஓர்ப்படி முறையோ, வேறு ஒரு பெண் அங்கே நின்றிருக்கிறாள்.

பதினொன்றாம் வகுப்பில் தமிழ் வழியில் கணக்குப் பதிவியல் படித்தவள் நான். முதல் வாரமே மனப்பாடம் செய்யச் சொன்ன விதி: பெறுபவர் பற்று (டெபிட்), தருபவர் வரவு (கிரெடிட்). ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. யோகா, ஆப், கடிகாரம், எண்ணெய்க் குளியல் எல்லாவற்றிலும் நான் பெறுபவரை மட்டும் எழுதியிருந்தேன். தருபவர் பக்கம் வெற்றிடம்.

நோட்டு

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு வாரம், கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, என்ன செய்கிறேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தேன். இதற்கே நேரம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். பஸ்ஸில் நின்றபடியும், குக்கர் விசிலுக்குக் காத்திருந்தபோதும் எழுதியவைதான். நோட்டின் முதல் பக்கங்களில் எண்ணெய்க் கறை.

வேலை நாளின் சராசரி இப்படி வந்தது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். தூக்கம் 320. அலுவலகம் 555. போகவர 85. சமையலறை 190. பிள்ளைகள் 50. அத்தையின் மருந்து, கால் வலித் தைலம், ஒத்தடம் 40. துணி, பெருக்கல், கோலம், விளக்கு 65. குளியலும் உடுத்தலும் 30. சாப்பாடு மூன்று வேளைக்கும் சேர்த்து 25. கைபேசி 45. மீதி 35 நிமிடம் எதிலும் சேரவில்லை.

கணக்கு நேராகாதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போடுவோம். 35 நிமிடத்தையும் அங்கே போட்டேன். பிறகு தோண்டிப் பார்த்தால் அது சும்மா இருந்த நேரம் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன என்று யோசித்தது. மகளின் வரைபடத் தாள் வாங்கினோமா என்று நினைவுபடுத்திப் பார்த்தது. கேஸ் பதிவு செய்தோமா, பால்காரருக்குப் பாக்கி எவ்வளவு, அத்தையின் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும். உட்கார்ந்தபடி செய்த வேலையானாலும் வேலைதான்.

கைபேசியின் 45 நிமிடத்தைப் பார்த்தவுடன் எல்லாரும் அதைத்தான் வெட்டச் சொன்னார்கள். இரவு பத்தரைக்கு மேல் நான் பார்ப்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் பழைய பித்தளைச் செம்பைத் துலக்கும் வீடியோ. நாள் முழுவதிலும் என்னை யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். அது தூக்கத்தைத் தின்கிறது என்பதும் தெரியும். பகலில் தனியாக இருக்கக் கிடைக்காத அரை மணியை இரவில் திருடிக்கொள்கிறேன். திருட்டை மட்டும் நிறுத்தினால் பசி அப்படியே இருக்கும்.

எழுதப்படாத பதிவு

என் கணவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்ன மறுநாளிலிருந்து, மழையானாலும் பனியானாலும் காலை ஐந்தரைக்குக் கிளம்பிச் சித்திரை வீதி சுற்றிவிட்டு ஆறேகாலுக்கு வருவார். மார்கழியில் வீதி முழுக்கக் கோலம் போட்டிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். அவரது மூன்று மாதச் சராசரி 6.8ஐத் தாண்டியதில்லை. உறவில் எல்லாரும் அவரைக் காட்டித்தான் எனக்குப் புத்தி சொல்வார்கள்: "மனசு வச்சா முடியும், அவரைப் பாரு."

நோட்டில் ஐந்தரை முதல் ஆறேகால் வரையிலான கட்டங்களைப் பார்த்தேன். அவருடைய வெந்தயத் தண்ணீர். அவருக்கான கேழ்வரகுத் தோசை, தனியாக ஒரு சட்னி. அவர் திரும்பி வந்ததும் குடிக்கச் சர்க்கரை இல்லாத காபி. 45 நிமிடத்தை அவர் பெற்றிருக்கிறார், நான் தந்திருக்கிறேன், ஆறு வருடமாக. அவர் கணக்கில் பற்று இல்லை, என் கணக்கில் வரவு இல்லை. மனசு வைத்தது அவர்தான், மறுப்பதற்கில்லை. அதற்கான நிமிடங்களை வைத்தது நான்.

அவரிடம் நோட்டைக் காட்டியபோது முதலில் வந்தது கோபம். "நான் என்ன ஊர் சுத்தவா போறேன்?" என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் இரவு, "சாயங்காலம் அஞ்சேகாலுக்கு நான் வீட்டுக்கு வந்துடறேன். அப்புறம் நீ வர வரைக்கும் என்ன பண்றேன்னு எழுதலையே" என்றார். கல்லூரி ஆய்வகத்தில் வேலை அவருக்கு. எழுதத்தான் இல்லை, ஏனென்றால் அது அவர் பேரேடு. அவரே சொன்னார்: காலையில் நான் ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போன காபியைக் குடித்துவிட்டு டிவி பார்ப்பது.

எங்கள் வீட்டு வழக்கு மட்டும் இல்லை இது. 2019இல் மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. மறுபடி 2024இல் எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படப் போனால், ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. குறைந்த பத்து நிமிடம் ஆண் கணக்குக்குப் போகவில்லை. கேஸ் அடுப்போ மாவுக் கடையோ ஹோட்டல் பார்சலோ எடுத்துக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

மாற்றுப் பதிவுகள்

செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்தரை முதல் ஆறு வரை நடப்பது நான். அந்த நாட்களில் டிபன் கணவர் பொறுப்பு, அவர் நடை மாலைக்கு மாறியது. மாலையில் நடந்தாலும் சர்க்கரை இறங்கும் என்று அவருடைய டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆறு வருடமாக இதை யாரும் கேட்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி இரவுச் சாப்பாடும் அவருடையது. முதல் மாதம் முழுக்கத் தோசை, ரவா உப்புமா, தோசை. மகன் "அப்பா, சப்பாத்தின்னு ஒண்ணு இருக்கு" என்றான். "அதுக்கு ஒரு கையி வேணும், கத்துக்கறேன்" என்றார். கற்றுக்கொண்டார், இலங்கை வரைபடம் மாதிரி வரும்.

கடை மாவு வாங்கலாம் என்றபோதுதான் அத்தைக்கு மனசு ஒடிந்தது. "கடை மாவா? என்ன தண்ணியோ, என்ன சோடாவோ. நான் இருக்கிற வரைக்கும் வேணாம்மா." அவர் பயத்தில் நியாயம் உண்டு. கிரைண்டரைக் கழுவுகிறவள் நான் என்பதிலும் நியாயம் உண்டு. பக்கத்துத் தெருவில் வீட்டிலேயே ஆட்டிக் கொடுக்கும் ஓர் அம்மாவிடம் அவரையே அழைத்துப் போனேன். அத்தை உளுந்து ஊறிய பதம், கிரைண்டர் கல், தண்ணீர்க் குடம் எல்லாம் ஆய்வு செய்து, ஒரு கரண்டி மாவை விரலால் தொட்டுப் பார்த்து, "பரவால்ல" என்றார். சனிக்கிழமை மாவாட்டல் போயிற்று.

அத்தை விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். முட்டி வலிக்கிற 74 வயது மனுஷியை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று காய் நறுக்கக்கூட விட்டதில்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இருந்தது வேறு: நான் நறுக்கினால்தான் பொரியலுக்கு ஒரே அளவாக வரும். இப்போது இரவு சீரியல் பார்த்தபடி மறுநாளைக்கான காயை அவர் நறுக்கி டப்பாவில் போடுகிறார். பீன்ஸ் ஒன்று விரல் நீளம், ஒன்று நகம் அளவு. காலையில் எனக்கு 25 நிமிடம். "இத முன்னாடியே குடுத்திருந்தா சும்மா உக்காந்திருக்க மாட்டேனே" என்றார். அந்த வார்த்தை கொஞ்ச நாள் குத்திக்கொண்டிருந்தது.

பிள்ளைகளுக்கு வேலை பிரித்தபோது நோட்டில் நான் முதலில் எழுதியது: தட்டு கழுவுவது மகள். அவள் ஆறாம் வகுப்பு. மகன் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு, தொந்தரவு செய்யக் கூடாது. எழுதி முடித்துவிட்டு ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு அடித்துவிட்டு இருவர் பெயரையும் போட்டேன். பத்தாம் வகுப்புப் பையன் தட்டு கழுவியதால் மதிப்பெண் குறைந்ததாக யாரும் இதுவரை சொல்லவில்லை.

பஸ் விஷயம் சின்னது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்து இருக்கைப் பேச்சில் தினமும் கேட்கிறேன். நானோ பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க, இரண்டு தனியார் பஸ்களை விட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டிருந்தேன். இப்போது எது முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறேன்.

சாவி

டாக்டர் சொன்ன நான்கில் எளிதானது தண்ணீர் என்றுதான் தோன்றும். எனக்கு அதுதான் கடைசிவரை நடக்கவில்லை. காரணம் தாகம் இல்லை, சாவி. எங்கள் அலுவலகத்தின் கழிப்பறை தரைத்தளத்தில் பின்புறம். பூட்டின் சாவி பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம். ஒவ்வொரு தடவையும் இரண்டு மாடி இறங்கி, நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால் "அண்ணே, சாவி" என்று கை நீட்ட வேண்டும். அதனால் காலை ஒன்பதரை முதல் மாலைவரை அரை பாட்டில் தண்ணீர். வருடத்துக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு, அதற்கு மாத்திரை. மாதவிடாய் நாட்களின் சிரமத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வேலை பார்க்கும் மூன்று பெண்களும் இதே கதைதான், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில்லை.

சோடா வாங்கிக் கொடுத்த துணிக்கடைப் பெண்ணிடம் பிறகு பேச்சு ஏற்பட்டது. அவருக்கு என் நேர்எதிர்ச் சிக்கல். நான் ஒன்பது மணி நேரம் உட்கார்கிறேன், அவர் பத்து மணி நேரம் நிற்கிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தன. "ஸ்டூல் வந்துச்சுக்கா. உக்காந்தா சூப்பர்வைசர் பார்ப்பாரு" என்றார். இருக்கை வேறு, உட்காருவது வேறு.

நான் ஆடிட்டர் சாரிடம் சாவி விஷயத்தைச் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். அவர் இரண்டு வினாடி பேசாமல் இருந்துவிட்டு, "இது இத்தன வருஷமாவா?" என்றார். அன்று மாலையே மூன்று நகல் சாவி வந்தது, மொத்தச் செலவு 120 ரூபாய். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சாவி தேவைப்பட்டதே இல்லை, வண்டியில் ஐந்து நிமிடத்தில் அவர் வீடு.

செப்டம்பர்

இதுவரை படித்ததில் எல்லாம் சீராகப் போனது போலத் தோன்றினால் அது எழுத்தின் குறை. செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள். 15ஆம் தேதிக்குப் பிறகு வீட்டுக்குப் போக ஒன்பது, ஒன்பதரை. நடை நின்றது. மாத்திரையைப் பதினொரு நாள் விட்டுவிட்டேன். கணவரின் இரவுச் சாப்பாட்டு முறைகளில் பாதி, கடைப் பரோட்டாவாக முடிந்தது. அத்தைக்குச் சளி பிடித்து காய் நறுக்கலும் போயிற்று. 28ஆம் தேதி இரவு சமையல் மேடையில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் மகள் அழுதுவிட்டாள்.

நோட்டில் அந்தப் பதினைந்து நாளும் காலி. தணிக்கைக்காரருக்குக் காலிப் பக்கமும் ஒரு சான்றுதான். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தருவதால் ஓடும் ஏற்பாட்டில், ஒருவர் சாய்ந்தால் அந்த எடை பழைய தடத்தில் உருண்டு ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது.

அக்டோபரில் பாத்திரம் தேய்க்கவும் பெருக்கவும் ஆள் வைத்தோம். காலை ஆறு முதல் ஏழு, மாதம் 1,500 ரூபாய்.

பிப்ரவரி

2024 பிப்ரவரியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 11.8. இன்னும் 12 ஆகவில்லை. நார்க்கட்டி அப்படியே இருக்கிறது, மருந்தில் ரத்தப்போக்கு குறைந்திருக்கிறது. ரத்த அழுத்தம் 132க்கு 84. சர்க்கரைச் சராசரி 6.0, அதாவது அசையவில்லை. எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது. கணவரின் பரோட்டா என்று நான் சொல்கிறேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

நோட்டும் மறுபடி இரண்டு வாரம் எழுதினேன். சமையலறை 190இலிருந்து 110. அந்த 80இல் தூக்கத்துக்குப் போனது 65, நடைக்குப் போனது வாரம் மூன்று அரை மணி, ஆறு வேலை நாளில் வகுத்தால் நாளுக்கு 15. நிமிடம் பிசகாமல் நேர்ந்தது. அலுவலகத்தில்கூட எனக்கு இப்படி நேர்ந்ததில்லை. கைபேசி 45இலிருந்து 30, நான் வெட்டவில்லை, தானாகக் குறைந்தது.

அனாமத்துக் கணக்குதான் 35இலிருந்து 30க்கு மேல் இறங்க மறுக்கிறது. கணவர் சமைக்கிறார், "என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு. மாவு தீர்ந்தது அவருக்குத் தெரிகிறது, தீரப் போவது எனக்குத்தான் தெரிகிறது. வாரத்துக்கு ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டு என்றேன். ஒட்டினார். இரண்டாவது வாரம் பட்டியலைப் புதுப்பிக்க நான் நினைவுபடுத்தினேன்.

வேலைக்கு வருகிறவரிடம் ஜனவரியில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டோடு அவருக்கு நாலு வீடு. சின்னவன் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, காலை உணவுத் திட்டத்தில் அங்கேயே சாப்பிடுகிறான். "அந்த உப்புமா கெடச்சதுலருந்து காலைல ஒரு கவல கம்மிக்கா" என்றார். மூத்தவள் எட்டாம் வகுப்பு, அவளுக்கு அந்தத் திட்டம் கிடையாது, ஐந்தாம் வகுப்புவரைதான். சரி, காலையில் வீட்டில் சமைப்பது யார் என்று கேட்டேன். "பெரியவதான். நான் இங்க வந்துடறேன்ல."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார், ஏழு மணிக்கு வரலாமா என்று. மகளுக்குப் பள்ளியில் காலை சிறப்பு வகுப்பு ஆரம்பிக்கிறதாம், அவரே பொங்கி வைத்துவிட்டு வர வேண்டுமாம்.

அன்று இரவு நோட்டைத் திறந்து முதல்முறையாகப் பற்றுப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். நாளுக்கு 60 நிமிடம். மாதம் 1,500 என்றால் மணிக்கு 50 ரூபாய். என் சம்பளம் 18,000, அதை 26 நாளுக்கும் ஒன்பதேகால் மணிக்கும் வகுத்துப் பார்த்தேன், 75 வருகிறது. நான் நினைத்திருந்ததைவிட அது குறைவு, அவருடையது அதைவிடக் குறைவு.

பிப்ரவரியிலிருந்து அவருக்கு 2,000. வருவது ஏழு மணிக்கு. அதற்குள் டிபன் ஆக வேண்டுமென்பதால் குக்கரும் இட்லித்தட்டும் மறுபடி நாங்களே கழுவுகிறோம், ஒரு நாள் நான், ஒரு நாள் கணவர். பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. இட்லித்தட்டின் குழிகளில் ஒட்டியிருப்பதை அவர் இன்னும் சரியாகத் தேய்ப்பதில்லை.